சூட்டு உடம்பு

என் அப்பா எனக்கு மதிவதனி என்று பெயர் வைத்தார். நிலா போல முகமாம். நிலாவில் பள்ளமும் மேடுமாகக் கிடப்பது அவருக்குத் தெரியாததல்ல, மனிதர் அறிவியல் வாத்தியார். ஆசையில் வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முகத்தில் வந்த பரு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, காதோரம் நரை எட்டிப் பார்க்கிற இந்த வயதிலும் போகவில்லை. கன்னத்திலும் தாடையிலும் குடியிருக்கிறது. வாடகையும் தராது, காலி பண்ணச் சொன்னாலும் பண்ணாது. கடலைமாவு, கற்றாழை, டாக்டர் எழுதித் தந்த களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. அதோடு சண்டை போடுவதை விட்டு எனக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.

சண்டையை மறுபடி இழுத்து வந்தது அந்த மூஞ்சிப்பொட்டிதான்.

அரசாங்கம் அதற்கு நலவாயில் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. பாளையங்கோட்டையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாசல் நிலையில் பதித்த ஒரு கறுப்புப் பெட்டி, அதன் நடுவில் ஒரு கண். எதிரே போய் நின்றால் முகத்தைப் பார்க்கும். பிடித்திருந்தால் பச்சை எரியும், "வாருங்கள்" என்று ஒரு பெண்குரல் சொல்லும், கதவு திறக்கும். பிடிக்காவிட்டால் சிவப்பு எரியும். அதே பெண் அதே குரலில் "விலகி நில்லுங்கள்" என்பாள். கோபம் இருக்காது, வருத்தமும் இருக்காது. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

நான் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிற பெரிய சமையல்கூடத்தில் தலைமைச் சமையற்காரி. சாம்பார் என் பொறுப்பு. உப்பு, புளி, பெருங்காயம் மூன்றும் என் கையைத் தாண்டித்தான் அண்டாவுக்குள் விழும். மற்ற வேலைக்கெல்லாம் இயந்திரம் வந்துவிட்டது. காய் நறுக்குவதற்கு ஒன்று, அரிசி களைவதற்கு ஒன்று. ஆளில்லா வண்டிகள் வாசலில் வரிசையாக வந்து நின்று தூக்குகளை ஏற்றிக்கொண்டு தானாகப் போய்விடும். ருசிக்கு மட்டும் இன்னும் இயந்திரம் வரவில்லை. அந்தத் தெம்பில் இருந்தேன்.

ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம் எங்கள் கூடத்து வாசலிலும் அதைப் பதித்தார்கள். காலையில் போய் எதிரே நின்றேன். சிவப்பு எரிந்தது.

"மதி, கொஞ்சம் வெளிய நில்லும்மா. பொட்டி ஒன்னை ஏத்துக்கிட மாட்டேங்கு" என்றார் கோமதிநாயகம் அண்ணாச்சி. அவர்தான் கூடத்தின் மேலாளர். அறுபதை நெருங்குகிற வயதிலும் முகம் பளிங்குத் தரை போல இருக்கும். ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும் என்று நாங்கள் பின்னால் சொல்லிச் சிரிப்போம்.

"பொட்டி யாரு அண்ணாச்சி என்னை ஏத்துக்கிட? இந்த அடுப்பு பத்த வச்ச நாள்லேருந்து நான் இங்க நிக்கேன்."

"எனக்கு மட்டும் ஆசையா? சட்டம்லா. வயித்துல கிருமி இருந்தா அது மூஞ்சில பருவா வருதாம். அந்தக் கிருமி எச்சி வழியா, கை வழியா பிள்ளையளுக்குப் பரவிரும். போன வருசம் எத்தனை பிள்ளைய வயித்தப் பிடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரில கிடந்துச்சுன்னு ஒனக்கே தெரியும்."

தெரியும். அந்தப் பிள்ளைகளில் என் மகள் நறுமுகையும் ஒருத்தி. அவள் சுருண்டு படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே நான் தரையில் படுத்துக் கிடந்தேன். என் வயிற்றிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிருமி போகும் என்றால் நான் அடுப்புப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன். அதனால் அன்றைக்கு வாய் பேசாமல் திரும்பிவிட்டேன். என் வாய் பேசாமல் இருந்தது ஊருக்கே அதிசயம்.

மாத்திரை தந்தார்கள். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், நாக்கில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுச் சப்புவது மாதிரி இருக்கும். எதைத் தின்றாலும் இரும்புதான். வீட்டில் குழம்புக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோனார். எப்போதும் குறை சொல்கிற மனிதர் சும்மா எழுந்து போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையற்காரிக்கு நாக்கு போனால் பாட்டுக்காரிக்குத் தொண்டை போனதுபோல.

மாத்திரை முடிந்ததும் மூச்சுச் சோதனை. ஒரு டம்ளர் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சிலேயே தெரிந்துவிடும். எனக்கு இல்லை. துளிகூட இல்லை. அந்தச் சோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைநிறையப் பூ வைத்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றேன். நாக்கும் திரும்பி வந்திருந்தது. மனதில் அன்றைக்கு முருங்கைக்காய்ச் சாம்பார்.

"விலகி நில்லுங்கள்."

"அண்ணாச்சி, பாருங்க. கிருமி இல்லன்னு எழுதித் தந்திருக்காவ."

அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், மனம் கஷ்டப்பட்டது முகத்தில் தெரிந்தது. "சட்டம் மூச்சைப் பாக்கல மதி. மூஞ்சியத்தான் பாக்கு. எல்லாரையும் தினமும் ஊதச் சொல்ல முடியுமா? இன்னொரு தடவ மாத்திரை சாப்பிட்டுப் பாரேன். அதுவரைக்கும் வெளிய நின்னு காய் எறக்கிக் குடு."

"இல்லாத கிருமிக்கு எதுக்கு மாத்திரை? நான் ஏன் வெளிய நிக்கணும்?"

அவர் காய்க் கூடைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டி மட்டும் இன்னொரு முறை விலகி நிற்கச் சொன்னது.

பின்வாசல் பக்கம் முத்தரசி என் கையைப் பிடித்து இழுத்தாள். காய்ப் பகுதியில் வேலை பார்க்கிறவள், என்னைவிடச் சின்னவள். அவளுக்கும் பரு உண்டு, நெற்றி முழுக்க. ஆனால் அவளுக்குப் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது.

"யக்கா, ஒருத்தருட்டயும் சொல்லிராதீய. ஒரு பூச்சு விக்குது. காலைல மெல்லிசாத் தடவிக்கிட்டா பொட்டிக்குக் கண்ணு தெரியாது. பாதிப் பேரு அதத்தான் தடவுதோம். ஒங்களுக்கும் வாங்கித் தாரேன்."

"ஏட்டி, என் அடுப்புக்கு நான் திருட்டுத்தனமாவா போகணும்? கிருமி இருந்தா நான் உள்ள போகக் கூடாது. கிருமி இல்லன்னா இந்த மூஞ்சியோடயே போவேன். ரெண்டுல ஒண்ணு."

"அப்படிச் சொன்னா வீட்டுலதான் இருக்கணும்க்கா."

"பாப்போம்" என்றேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன். இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போவேன், இதே முகத்தோடு.

சமையல்கூடத்தோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மூஞ்சிப்பொட்டி கல்யாண மண்டபத்துக்கு வந்தது, பெண் பார்க்க வருகிறவர்கள் பச்சையா சிவப்பா என்று முதலில் கேட்டார்கள். முருகன்குறிச்சி முக்கில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒருநாள் எனக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கையில் எல்லாம் எவர்சில்வர் டம்ளர். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சில்லறையை மேசையில் வைத்தார். கையில் தரவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் எந்தத் தெருக்காரனுக்கு எந்த டம்ளர் என்று கணக்கு இருந்ததாம். அதை ஒழிக்க எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று அப்பா கதை கதையாகச் சொல்வார். இப்போது எந்த மூஞ்சிக்கு எந்த டம்ளர் என்று வந்திருக்கிறது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நான் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டு டப்பாவை நறுமுகை திறக்காமல் கொண்டுவந்திருந்தாள்.

"ஏன் மக்ளே சாப்பிடல?"

"எப்பவும் எல்லாரும் பங்கு போட்டுத்தான சாப்பிடுவோம். இன்னைக்கு யாரும் என் டப்பால கை வைக்கல. ஒங்க அம்மைக்குச் செவப்புதானன்னு கேட்டாளுவ. எனக்குத் தனியாத் திங்கப் பிடிக்கல."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன். நலவாயிலுக்கு முகம் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆராய்ச்சியை நடத்தியவர் அங்கேதான் இருக்கிறார் என்று செய்தியில் பார்த்திருந்தேன். டாக்டர் ரூபாவதி ஞானதுரை. முதல் நாள் பார்க்க விடவில்லை. இரண்டாம் நாளும் விடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காவலாளி வந்து மிரட்டினார். "நான் ஏற்கெனவே ஒரு வாசல்ல விலகி நின்னாச்சு, இங்க விலக மாட்டேன்" என்றேன். சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார்.

ஒல்லியான பெண்மணி, கலைந்த முடி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். என் சோதனை முடிவை நிதானமாகப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். யாரும் அவ்வளவு நேராகப் பார்த்து நாளாகியிருந்தது.

"உங்களுக்குக் கிருமி இல்ல. வாசல் தப்புப் பண்ணியிருக்கு. ஒத்துக்குறேன். எந்தக் கருவியும் கொஞ்சம் தப்புப் பண்ணும்மா."

"கொஞ்சம்னா எவ்வளவு மேடம்? நான் ஒருத்திதானா?"

அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"முதல்லேருந்து சொல்றேன். குடல்ல, இரைப்பைல கிருமி தங்குனா தோல் சிவந்து பரு வரலாம்கிறது ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நாங்க கொஞ்சப் பேரை ஊத வச்சுப் பாத்தோம். கிருமி இருந்தவங்களுக்குப் பரு கொஞ்சம் அதிகமாத்தான் இருந்துச்சு. ஆனா பொட்டிக்குக் கத்துக்கொடுக்கக் கொஞ்சம் முகம் போதாது, லட்சக்கணக்குல வேணும். அத்தனை பேரையும் ஊத வைக்கப் பணமும் இல்ல, நேரமும் இல்ல. பிள்ளைங்க வேற வரிசையா விழுந்துட்டிருந்தாங்க. அதனால கேள்வி கேட்டோம். ஊர் ஊரா குரல் கூண்டு வச்சோம். முகத்தைப் படம் எடுத்துட்டு, வயித்துத் தொந்தரவு இருக்கான்னு அது கேக்கும். இருக்குன்னு சொன்ன முகம் ஒரு பக்கம், இல்லேன்னு சொன்ன முகம் ஒரு பக்கம். பொட்டி ரெண்டையும் பாத்துப் படிச்சுது. பருவுக்கும் வயித்துக்கும் தொடர்பு அப்படிப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நாங்க நெனச்சதைவிடப் பல மடங்கு."

"அந்தச் சந்தேகமே பொய்யா இருந்தா?"

"பொய் இல்லம்மா." அவர் குரல் தணிந்தது. "என் மகளுக்கு முகம் முழுக்கச் சீழ் வெச்ச பரு. ரெண்டு வருஷம் வீட்டைவிட்டு வெளிய வரல. கிருமி இருந்துச்சு. மருந்து குடுத்தேன், கிருமி போச்சு, பருவும் அடங்கிருச்சு. என் கண்ணால பாத்தேன்."

என் மகளுக்காக நான் வந்தேன், அவர் மகளுக்காக அவர் இதைச் செய்திருக்கிறார்.

"வாங்க, கூண்டைக் காட்டுறேன். இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

கீழே வெளிநோயாளிகள் கூடத்தின் மூலையில் கண்ணாடிக் கூண்டு நின்றது. உள்ளே உட்கார்ந்தேன். என் சக்களத்தியின் குரல் கேட்டது. வாசலில் என்னை விலகச் சொன்ன அதே பெண். பேர், வயது, வேலை எல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வயிற்றில் சூடு உண்டா?" என்றாள்.

"ஆமா, எனக்குச் சூட்டு உடம்புதான்" என்றேன்.

வெளியே வந்ததும் டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "பாத்தீங்களா, நீங்களே ஆமாங்கிறீங்க. இப்போ கிருமி இல்லாம இருக்கலாம், முன்னாடி இருந்திருக்கலாம். தொந்தரவு இருக்குல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானே என் வாயால் மாட்டிக்கொண்டேனா? வாதாட வந்தவள் வாயை மூடிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிட வந்தார். ஒரு வாய் ரசம் பட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க, உப்பு கூடிப்போச்சா?"

"ஏட்டி, நாக்குல புண்ணு. ரெண்டு நாளா வண்டி ஓட்டிச் சூடு பிடிச்சிக்கிட்டு."

"மோரு குடிங்க, சூடு தணியும்" என்றேன். சொல்லிக்கொண்டே மோரை எடுக்க எழுந்தேன். தன் கண்ணோரம் கட்டி வந்திருக்கிறது என்று, அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாத நறுமுகை பக்கத்தில் வந்து காட்டினாள். "அது சூட்டுக்கட்டி, நாமக்கட்டி உரசிப் போடுதேன்" என்றேன்.

மோர்ச் செம்பு கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் எது வந்தாலும் சூடுதான். வாய்ப்புண் சூடு, கண்கட்டி சூடு, மூக்கில் ரத்தம் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, மாம்பழம் தின்றால் சூடு. நீர்க்கடுப்புக்குப் பெயரே சூடு பிடித்தல்தான். எல்லாவற்றுக்கும் மேலே, முகத்தில் பரு வந்தால் சூடு. எனக்கு வயிறு எரிந்ததே இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும். ஆனால் என் பள்ளிக்கூட நாளிலிருந்து அம்மா, அத்தை, பக்கத்துவீட்டுக்காரி, பஸ்ஸில் பார்த்த முன்பின் தெரியாத பெண் வரைக்கும் என் முகத்தைப் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "ஒனக்குச் சூட்டு உடம்பு பிள்ள." அதனால் கூண்டு கேட்டதும் ஆமாம் என்றுவிட்டேன்.

"ஏங்க, மோரை நீங்களே ஊத்திக்கிடுங்க" என்று செம்பை அவர் முன்னால் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். நான் மூச்சு வாங்கியபடி கேட்டேன், "மேடம், வயித்துல சூடு உண்டான்னு எதுக்குக் கேக்குதீய? எரிச்சல் உண்டான்னு கேட்டிருக்கலாம்லா?"

"முதல்ல அப்படித்தான் கேட்டோம்." அவர் லேசாகச் சிரித்தார். "வயித்தெரிச்சல் உண்டான்னு கேட்டதும் ஜனங்க கோவிச்சுக்கிட்டாங்க. யாரைப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல், எனக்கென்ன குறைன்னு ஒரு அம்மா கூண்டுக் கண்ணாடியையே ஒடச்சுட்டாங்க. அதனால சூடுன்னு மாத்துனோம். யாரும் கோவிக்கல."

"எப்படிக் கோவிப்பாவ? சூடு யாருக்குத்தான் இல்ல? கீழ வாங்க. கூண்டுலேருந்து வாரவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. சூடு இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க."

வந்தார். அதற்கு அவரை நான் என்றைக்கும் மெச்சுவேன். வர மாட்டேன் என்று கதவைச் சாத்தியிருக்கலாம்.

கூண்டிலிருந்து கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. சூடு உண்டு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். டாக்டர் அவளிடம் வயிறு எரியுமா, வலிக்குமா, புளிச்ச ஏப்பம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"அப்போ சூடு இருக்குன்னு எப்படிச் சொன்னீங்க?"

அந்தப் பெண் டாக்டரை விநோதமாகப் பார்த்தாள். விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "அதான் மூஞ்சிலயே தெரியுதே மேடம்."

அடுத்து வந்த கட்டடத் தொழிலாளி தாடையைத் தடவிக் காட்டினார். அவருக்கு அடுத்த அம்மாள் மகனின் நெற்றியைக் காட்டினார். முகம் சுத்தமாக இருந்தவர்கள், சூடெல்லாம் இல்லை, நல்ல குளிர்ந்த உடம்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"படத்துலயும் பரு. பதில்லயும் பரு. ரெண்டையும் பொருத்திப் பாத்து, அடடா பொருந்துதேன்னு சந்தோஷப்பட்டிருக்கோம். வயிறு இதுக்குள்ள வரவே இல்ல" என்றார். கூண்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வீரவநல்லூர்ல பொறந்து வளந்தவ. என் மகளுக்குப் பரு வந்த புதுசுல நானும் மாம்பழம் திங்காத, சூடுன்னுதான் சொன்னேன். அந்தக் கேள்வியை எழுதும்போது எனக்கு அது ஞாபகமே வரல" என்றார்.

"எனக்கும் வரலையே மேடம். கூண்டுக்குள்ள நானே ஆமாம்னுலா சொன்னேன்."

"மேல எழுதறேன். ஆனா ஒண்ணு, நிறுத்திட்டாங்கன்னா என் பேரும் சேந்துதான் போகும். பரவாயில்ல. மாசக்கணக்கா ஆகும், அதுதான்."

"அது வரைக்கும் என் மக தனியா உக்காந்து சாப்பிடணுமா?"

அவர் எழுந்து நின்றார். "உங்க சமையல்கூடத்துல எல்லாரும் ஊதட்டும். சிவப்பு வாங்கினவங்க மட்டும் இல்ல, பச்சை வாங்கினவங்களும். அதைக் கையில வச்சுக்கிட்டுப் பேசறேன்."

மறுநாள் காலையில் டாக்டர் பைகளும் மருந்துத் தண்ணீருமாக வந்து இறங்கியபோது, கோமதிநாயகம் அண்ணாச்சி வாசலை மறித்துக்கொண்டார்.

"நான் எதுக்கு ஊதணும்? நான் என்ன குடிச்சிட்டா வந்திருக்கேன்? பச்சை எரிஞ்சவங்கள ஊதச் சொல்ல எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்துல இல்லங்க. கேட்டுக்கறேன்" என்றார் டாக்டர்.

"சோத்து வண்டி வந்து நிக்குது. பிள்ளைய பசியோட இருக்கும். எல்லாரும் உள்ள போங்க."

யாரும் அசையவில்லை. அப்போது முத்தரசி கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். முந்தானையை நனைத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள். துணியில் பூச்சு மஞ்சளாக வந்தது. துடைத்த முகத்தோடு பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"விலகி நில்லுங்கள்."

முத்தரசி விலகி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து அரிசிப் பகுதியிலிருந்து ஒருத்தி குழாய்க்குப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பாதிப் பேர் என்று முத்தரசி சொன்னது பொய்யில்லை. பெட்டி விலகி நில்லுங்கள், விலகி நில்லுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தபோது, உள்ளே போய்ச் சமைக்கப் பாதி ஆள்கூட மிச்சமில்லை.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். "என்ன மதி இது, சூடு சொரணை இல்லாம இப்படி எல்லாருமா என்னை ஏமாத்தியிருக்கீய?"

"சூடு இருக்கு அண்ணாச்சி, அதுதான் மூஞ்சிலயே தெரியுதாம்லா. சொரணையும் இருக்கு. அதனாலதான் ஊதுதோம். நீங்களும் ஊதுங்க, ஒலைய வைக்கணும்லா."

வேறு வழியில்லை. வரிசையில் நின்றார். கடைசி ஆளாக, கன்னத்தை உப்பிக்கொண்டு, பைக்குள் ஊதினார். பச்சை எரிந்த மிச்சப் பேரே சமைத்ததால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. முடிவு வரும்வரை நானும் முத்தரசியும் மற்றவர்களும் வெளியிலேயே நின்று காய் இறக்கிக் கொடுத்தோம்.

முடிவை டாக்டர் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அடுத்தவர் முடிவை யாரிடமும் சொல்லவில்லை. முத்தரசிக்குக் கிருமி இல்லை. குழாயில் முகம் துடைத்த அத்தனை பேரில் ஒருத்திக்குத்தான் இருந்தது, அவளாகவே வந்து எங்களிடம் சொன்னாள். டாக்டர் மேலே பேசி, எங்கள் கூடத்துக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு உத்தரவு வாங்கி வந்தார். மூச்சுதான் கணக்கு, முகம் இல்லை. பெட்டியைக் கழற்ற இன்னும் அனுமதி வரவில்லை. மேலாளர் தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே விடலாம்.

உத்தரவு வந்த காலையில் நான் பூ வைக்கவில்லை, புதுச் சேலையும் கட்டவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். சிவப்பு எரிந்தது. சக்களத்தி வழக்கம்போல விலகி நிற்கச் சொன்னாள். அண்ணாச்சி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனேன். என் அண்டா கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, பருப்பைப் போட்டேன். பருப்பு வெந்து மஞ்சள் வாசனை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் வெங்காயம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கொதி வந்தபிறகுதான் கவனித்தேன், வெளியே பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. "வாருங்கள். வாருங்கள். வாருங்கள்."

எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி வாசலுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பளிங்கு முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"உள்ள வரலையா அண்ணாச்சி?"

தலையை ஆட்டினார்.

"எனக்கு இருக்காம் மதி. நெறயவே இருக்காம்."

வாசலைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"வயிறு பல வருசமா எரியுது. ராத்திரில எந்திரிச்சு உக்காந்திருப்பேன். இங்க சாம்பாருல உப்பு பாக்கேன்னு கரண்டிய வாயில வச்சிட்டு அப்படியே அண்டாவுல போட்டிருக்கேன், நீயே ரெண்டு மூணு தடவ ஏசியிருக்க. ஒன் மகளும் கிடந்தாள்லா ஆஸ்பத்திரில." அவர் கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டார். "அந்தக் கூண்டு என்னையும் கேட்டுச்சு. வயித்துல சூடு உண்டான்னு. இல்லன்னுட்டேன்."

"எரியுதுன்னு சொல்லுதீய, பின்ன ஏன் இல்லன்னு சொன்னீய?"

அவர் தன் வழவழப்பான கன்னத்தைத் தடவினார். "சூடு இருந்தா மூஞ்சில வந்திருக்கும்லா? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

எனக்கு முதலில் நறுமுகை சுருண்டு கிடந்தது கண்ணுக்குள் வந்தது. நெஞ்சு கொதித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இத்தனை நாள் என்னை இந்த வாசலில் நிற்க வைத்த வார்த்தையை அப்படியே அவருக்குத் திருப்பித் தரலாம். நாக்கு நுனிவரை வந்தது. விலகி நில்லுங்க அண்ணாச்சி.

உள்ளே போனேன். டீ போட்டேன். அலமாரியில் சிவப்புக்காரர்களுக்கென்று வாங்கி வைத்த காகிதக் கப்புகள் அடுக்காக இருந்தன. அதைத் தாண்டிக் கையை நீட்டி எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தேன். நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

"மாத்திரை தருவாவ, நாக்கு கொஞ்ச நாளைக்கு இரும்பாக் கிடக்கும், பொறுத்துக்கிடுங்க. முடிச்சிட்டு ஊதிக் காட்டுங்க. அதுவரைக்கும் வெளிய இருந்து காய் எறக்கிக் குடுங்க. அப்புறம் நானே வந்து கதவைத் தொறக்கேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையை அண்ணாந்து, உதடு படாமல், டம்ளரைத் தூக்கிப் பிடித்தார். பழக்கமில்லாத கை. டீ தாடையில் வழிந்து சட்டையில் சிந்தியது.

"வாய் வச்சுக் கடிச்சே குடிங்க அண்ணாச்சி" என்றேன். "நான் சுடுதண்ணில கழுவிக்கிடுதேன்."